டோரு ஆறும் போர்ட் ஒயினும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

போர்ச்சுகலின் டோரு பள்ளத்தாக்குப் படத்தை யாருக்குக் காட்டினாலும், அங்கே போகத் திட்டமிடுபவர்களோடு பேசினாலும், ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று இதைத் தொகுத்தேன். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை போகப்போக.

டோருன்னும் சொல்றாங்க, டுவேரோன்னும் சொல்றாங்க. ரெண்டும் ஒரே ஆறா?

ஒரே ஆறுதான். ஸ்பெயினில் டுவேரோ, போர்ச்சுகலில் டோரு. ஸ்பெயினின் வடபகுதியில், சோரியா மாகாணத்து உர்பியோன் மலைகளில், கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கும் மேலே பிறக்கிறது. மேற்கு நோக்கி 897 கி.மீ. ஓடி, போர்ட்டோ நகரத்தில் அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. வழியில் சுமார் 112 கி.மீ. தூரத்துக்கு இதுவே இரு நாடுகளுக்கும் எல்லைக்கோடு. அந்தப் பகுதி ஆழமான பாறைப் பள்ளம். ஊர்கள் மிகக் குறைவு.

போர்ட் ஒயின் போர்ட்டோவுலதானே தயாராகுது?

போர்ட் என்பது சாராயம் சேர்த்த இனிப்பு ஒயின். பெயரைப் பார்த்து எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். திராட்சை விளைவதும் ஒயின் ஆவதும் போர்ட்டோவிலிருந்து நூறு கி.மீ. அளவுக்கு ஆற்றின் மேலே, ரெகுவா, பின்யாவ் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள மலைகளில். அது வசந்த காலத்தில் கீழே வந்து, பல ஆண்டுகள் பீப்பாய்களில் கிடந்து பதப்படுவது பெரும்பாலும் போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் உள்ள கையா என்ற ஊரில். கடல் காற்று படுவதால் அங்கே வெயில் காலத்திலும் கிடங்குகள் குளுமையாக இருக்கும்.

1926இல் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்: ஏற்றுமதியாகும் போர்ட் எல்லாம் கையா கிடங்குகள் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே கிடங்கு வைத்திருந்த பெரிய வணிக நிறுவனங்களுக்கு அது வசதி. மலையில் இருந்த சிறு விவசாயி தன் பெயரில் ஒரு பாட்டில்கூட வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாமல் போனது. 1986இல்தான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது.

படத்துல மலையே படிக்கட்டா இருக்கே, அது இயற்கையா அமைஞ்சதா?

ஒரு படிகூட இயற்கை இல்லை. எல்லாமே மனிதர்கள் வெட்டியவை. இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் சொல்வது இதைத்தான். மலைச்சரிவு அவ்வளவு செங்குத்து. மண் என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. கடப்பாரையாலும் சம்மட்டியாலும், பிறகு வெடிமருந்தாலும் பாறையை உடைத்தார்கள். பெரிய துண்டுகளைக் கொண்டு சுவர் எழுப்பினார்கள். பொடிந்த கல்லைச் சுவருக்குப் பின்னால் கொட்டி நிரப்பி, அதையே நிலம் ஆக்கினார்கள். சுவர்களுக்குச் சுண்ணாம்பும் இல்லை, சாந்தும் இல்லை. கல் மேல் கல் பொருத்தி அடுக்கியதுதான். அதனால்தான் மழைநீர் இடுக்குகள் வழியாக வடிந்துவிடுகிறது, சுவர் சாய்வதில்லை.

இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பகுதியினர் உள்ளூர் ஏழைகளும், வடக்கே ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்த கூலியாட்களும். பாட்டில்களின் மேல் வணிகர்களின் பெயர்கள் இருக்கின்றன, மலைச்சரிவில் நிற்கும் சுவர்களைக் கட்டியவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை. 2001இல் யுனெஸ்கோ 24,600 ஹெக்டேர் பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, இது மனிதர்கள் உருவாக்கிய நிலக்காட்சி என்ற வகையில்தான் அறிவித்தது. அந்த மதிப்பு அந்தக் கூலியாட்களுக்கும் உரியது என்றே நினைக்கிறேன்.

உற்றுப் பார்த்தால் படிகளில் வயது வித்தியாசம் தெரியும். மிகக் குறுகலாக, ஒன்றிரண்டு வரிசைக் கொடிகளுக்கு மட்டும் இடம் உள்ளவை பழையவை. சுவரே இல்லாமல் மண்சரிவோடு அகலமாக இருப்பவை 1970களுக்குப் பிறகு புல்டோசரால் வெட்டியவை. சில இடங்களில் படியே வெட்டாமல் மேலிருந்து கீழாகக் கொடி நட்டிருப்பார்கள்.

மண்ணே இல்லாத இடத்துல கொடி எப்படி வளருது?

அங்கே உள்ள பாறைக்கு சிஸ்ட் என்று பெயர். ஓலைச்சுவடிக் கட்டைச் செங்குத்தாக நிறுத்தி வைத்ததுபோல, பல இடங்களில் அது ஏடு ஏடாக நிற்கும். அந்த ஏடுகளுக்கு நடுவே கொடியின் வேர் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கி, குளிர்கால மழையில் உள்ளே தேங்கிய ஈரத்தைத் தேடிப் பிடிக்கிறது. பள்ளத்தாக்கைச் சுற்றி கிரானைட் பாறைதான். அதில் இப்படிப் பிளவுகள் கிடையாது, வேர் இறங்காது. சிஸ்ட் பாறை முடிந்து கிரானைட் தொடங்கும் இடத்தில் திராட்சைப் பகுதியின் எல்லையும் ஏறத்தாழ முடிந்துவிடுகிறது.

இப்படிப்பட்ட நிலத்தில் விளைச்சல் குறைவு. ஆனால் காய் சிறியதாக, தோல் தடித்து, சாறு அடர்த்தியாக இருக்கும். போர்ட்டுக்கு அதுதான் தேவை.

ஐரோப்பாவுல என்ன பெரிய வெயில்?

"ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்" என்பது அந்த ஊர்ப் பழமொழி. 2022 ஜூலை 14 அன்று பின்யாவில் 47.0 டிகிரி செல்சியஸ் பதிவானது. காரணம் மேற்கே நிற்கும் மராவ் மலைத்தொடர். அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் மழை மேகத்தையும் குளிர்காற்றையும் அது தடுத்துவிடுகிறது. மலையை ஒட்டிய மேற்குப் பகுதியான பைஷு கோர்குவில் ஆண்டுக்கு 900 மி.மீ. அளவுக்கு மழை உண்டு. கிழக்கே போகப்போகக் குறைந்து, ஸ்பெயின் எல்லையை ஒட்டிய டோரு சுப்பீரியரில் அதில் பாதிகூட இராது. நடுவில் உள்ள சீமா கோர்குவில்தான் பேர்பெற்ற தோட்டங்கள் அதிகம்.

போர்ட் ஏன் இவ்வளவு இனிப்பா இருக்கு? சர்க்கரை போடுறாங்களா?

சர்க்கரை போடுவதில்லை, பழத்தின் சொந்த இனிப்புதான். திராட்சைச் சாறு புளிக்கும்போது ஈஸ்ட் அதிலுள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. போர்ட்டில் அது பாதி நடந்துகொண்டிருக்கும்போதே 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றிவிடுகிறார்கள். சுமார் 435 லிட்டர் சாற்றுக்கு 115 லிட்டர் சாராயம் என்பது வழக்கமான அளவு. இரண்டும் சேர்ந்தால் 550 லிட்டர் பீப்பாய் ஒன்று. ஈஸ்ட் செத்துவிடுகிறது, மீதிச் சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. அதனால்தான் சாதாரண ஒயினில் 12 முதல் 14 சதவீதம் இருக்கும் ஆல்கஹால் போர்ட்டில் 19 முதல் 22 வரை இருக்கிறது. குடித்துப் பார்ப்பவர்கள் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. இனிப்பு அதன் வேகத்தை மறைத்துவிடும்.

ரூபி, டானி, வின்டேஜ்னு என்னென்னமோ எழுதியிருக்கே, என்ன வித்தியாசம்?

பழம் ஒன்றுதான், பதப்படுத்தும் விதம்தான் வேறு. ரூபி பெரிய தொட்டிகளில், காற்று அதிகம் படாமல் சில ஆண்டுகள் மட்டும் இருக்கும். நிறம் சிவப்பாகவே நிற்கும். டானி சிறிய மரப் பீப்பாயில் நீண்ட காலம் காற்று பட்டு, பழுப்பு நிறத்துக்கு மாறி, கொட்டை வகைகளின் மணம் பெறும். வின்டேஜ் என்பது மிக நல்ல ஒரே ஆண்டின் அறுவடை. இரண்டு மூன்று ஆண்டுகளில் பாட்டிலில் அடைத்துவிடுவார்கள், பிறகு பாட்டிலுக்குள்ளேயே பல பத்தாண்டுகள் முதிரும். 1945, 1963, 1994, 2011 ஆகியவை பேர்போன ஆண்டுகள்.

டானி பாட்டிலில் "20 ஆண்டு" என்று இருந்தால் உள்ளே உள்ளதெல்லாம் சரியாக இருபது வயது என்று பொருள் இல்லை. பல ஆண்டு ஒயின்களைக் கலந்து, அந்த வயதுக்குரிய சுவைக்குக் கொண்டுவந்தது அது. ஒரே ஆண்டு டானிதான் வேண்டும் என்றால் கொல்யெய்தா என்று எழுதியிருப்பதைத் தேட வேண்டும்.

இன்னும் காலாலதான் மிதிக்கிறாங்களா?

சில தோட்டங்களில் மிதிக்கிறார்கள். முக்கியமாக உயர்ந்த தர ஒயினுக்கு. லகார் என்ற அகலமான கிரானைட் தொட்டியில் தொடையளவு திராட்சை நிரப்பி, கால் கழுவிவிட்டு இறங்குகிறார்கள். முதல் இரண்டு மணி நேரம் தோளோடு தோள் சேர்த்து வரிசையாக, ஒருவர் குரல் கொடுக்க, மெதுவாக மிதிக்க வேண்டும். அப்புறம் வரிசை கலைந்து, பாட்டும் ஆட்டமும்.

இதற்கு ஒரு தொழில் காரணம் இருக்கிறது. இனிப்பு பற்றிய பதிலில் சொன்னபடி புளிப்பது பாதியிலேயே நிறுத்தப்படுவதால், தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்க இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். மனிதப் பாதம் தோலை நன்றாக நசுக்கும், விதையை உடைக்காது. விதை உடைந்தால் கசப்பு இறங்கிவிடும். ஆள் கிடைக்காத காரணத்தால் இப்போது பல இடங்களில் பாதம் மிதிப்பதைப் போலவே இயங்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன.

ஆங்கிலப் பெயரா இருக்கே எல்லாம்? டெய்லர், கிரஹாம், சாண்டிமன்...

பிரான்சோடு இங்கிலாந்து போரில் இருந்த காலத்தில் பிரெஞ்சு ஒயின் வருவது தடைபட்டது. வணிகர்கள் போர்ச்சுகலுக்குத் திரும்பினார்கள். 1703இல் கையெழுத்தான மெத்துவென் ஒப்பந்தப்படி போர்ச்சுகீசிய ஒயினுக்கு இங்கிலாந்தில் பிரெஞ்சு ஒயினைவிட மூன்றில் ஒரு பங்கு குறைந்த வரி. அதற்குப் பிறகு பிரிட்டிஷ் குடும்பங்கள் போர்ட்டோவிலேயே தங்கி வணிகம் செய்தன. ஆனால் எல்லாமே அவர்கள் கையில் இல்லை. ஃபெரெய்ரா 1751இல் தொடங்கிய போர்ச்சுகீசிய நிறுவனம்.

உலகத்துலேயே முதல்ல எல்லை வகுத்த ஒயின் பகுதின்னு போர்டுல போட்டிருக்காங்க. உண்மையா?

பாதி உண்மை. இத்தாலியின் கியாந்தி பகுதிக்கு 1716இலும், ஹங்கேரியின் டோக்காய் பகுதிக்கு 1737இலும் அரசாணையால் எல்லை குறித்துவிட்டார்கள். டோருவுக்கு 1756 செப்டம்பர் 10. ஆனால் எல்லையோடு நிற்காமல் தரம் பிரிப்பது, விலை நிர்ணயிப்பது, ஏற்றுமதியைக் கண்காணிப்பது என்று முழு நிர்வாகத்தையும் முதலில் கட்டியமைத்தது டோருதான். அந்த அளவில் அந்தப் பெருமை அதற்குச் சேரும்.

காரணம், கலப்படம். விற்பனை பெருகியதும் நிறத்துக்காக எல்டர் என்ற செடியின் கரும்பழத்தைச் சேர்க்கத் தொடங்கினார்கள். பெயர் கெட்டு விலை சரிந்தது. பிற்காலத்தில் போம்பல் பிரபு என்று அழைக்கப்பட்ட முதன்மை அமைச்சர் ஒரு கம்பெனியை நிறுவி எல்லாவற்றையும் அதன் கையில் கொடுத்தார். எல்டர் மரங்களை வேரோடு பிடுங்க ஆணையிட்டார். எல்லையில் கிரானைட் தூண்கள் 335 நடப்பட்டன. இன்றும் பல தோட்டங்களில் அவற்றைப் பார்க்கலாம். இந்தக் கதையில் வழக்கமாக விடுபட்டுப்போகும் பகுதி ஒன்று உண்டு. கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து 1757 பிப்ரவரியில் போர்ட்டோ மக்கள் தெருவில் இறங்கினார்கள், பலர் தூக்கிலிடப்பட்டார்கள்.

கூரையில்லாத பெரிய படகுல பீப்பாய் அடுக்கி ஆத்துல நிறுத்தியிருக்காங்களே, அது இன்னும் ஒயின் ஏத்திட்டு வருதா?

வருவதில்லை. அது ரபேலு படகு. தட்டையான அடிப்பகுதி, பின்னால் நீண்ட துடுப்பு, ஒரே பெரிய சதுரப் பாய். கீழே வரும்போது பாறைகளுக்கு நடுவே பாய்ந்து வரும். திரும்பும்போது பாய்க்குக் காற்று போதாவிட்டால் கரையிலிருந்து மாடு கட்டி இழுப்பார்கள். 1887இல் ரயில் பாதை ஸ்பெயின் எல்லைவரை எட்டியதும் படகுகளுக்கு வேலை குறைந்தது, 1960களில் நின்றே போனது. இப்போது கையா கரையில் நிற்பவை விளம்பரத்துக்கு. ஜூன் 24, புனித ஜான் திருநாளன்று மட்டும் போட்டியாக ஓட்டுவார்கள்.

நீரும் மாறிவிட்டது. 1971இலிருந்து 1985வரை போர்ச்சுகலுக்குள் மட்டும் ஐந்து அணைகள் எழுந்தன. பழைய பாய்ச்சல்கள் (பாறைகளுக்கு நடுவே நீர் வேகமாகப் பாயும் இடங்கள்) எல்லாம் மூழ்கி, ஆறு ஐந்து அமைதியான ஏரிகளாகிவிட்டது. அணையின் பக்கத்தில் உள்ள தொட்டிக்குள் படகை நிறுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோகிறார்கள். கர்ரபத்தேலு அணையில் அந்த உயரம் 35 மீட்டர்.

ஒரு பிரபு ஆத்துல மூழ்கிட்டாராம், கூட வந்த பெண்கள் பாவாடையால தப்பிச்சாங்களாம். நிஜமா?

மூழ்கியது நிஜம். ஜோசப் ஜேம்ஸ் ஃபாரஸ்டர், இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் பிறந்து போர்ட்டோவுக்கு வந்த ஒயின் வணிகர். ஆற்றை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் போட்டவர். 1861 மே 12 அன்று வலெய்ரா பாய்ச்சலில் படகு கவிழ்ந்தது. உடல் கிடைக்கவே இல்லை. அந்தப் படகில் இருந்த அன்டோனியா ஃபெரெய்ரா, முன்பு சொன்ன ஃபெரெய்ரா நிறுவனத்தை நடத்தியவர், பிழைத்தார். அகன்ற பாவாடை காற்றை அடைத்துக்கொண்டு மிதக்கவைத்தது, இடுப்பில் கட்டிய பணம் ஃபாரஸ்டரை இழுத்துவிட்டது என்பதெல்லாம் ஊர்ச்சொல்.

இருவரையும் அந்த விபத்துக்காக மட்டும் நினைப்பது நியாயமில்லை. போர்ட்டில் சாராயம் சேர்ப்பதையே ஃபாரஸ்டர் கடுமையாக எதிர்த்தார். அவர் தோற்றதால்தான் நமக்குத் தெரிந்த போர்ட் இன்று இருக்கிறது. அன்டோனியா முப்பது வயதுகளில் கணவரை இழந்து, நிறுவனத்தைத் தன் கையில் எடுத்து, 1896இல் இறக்கும்போது இருபதுக்கும் மேற்பட்ட தோட்டங்களுக்கு உரிமையாளராக இருந்தார். அடுத்த கேள்வியில் வரும் பேரழிவுக் காலத்திலும் புதிய நிலம் வாங்கி, சுவர் கட்டி, ஆட்களுக்கு வேலை கொடுத்தவர். அங்கே இன்றும் அவரை ஃபெரெய்ரின்யா என்று செல்லப் பெயரால்தான் சொல்கிறார்கள்.

சில மலைச்சரிவுல படி இருக்கு, கொடி இல்லை. ஏன் விட்டுட்டாங்க?

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சரா என்ற பூச்சி வேரை உறிஞ்சிக் கொடிகளைக் கொன்றது. சில பத்தாண்டுகளில் மலை மலையாகத் தோட்டங்கள் காய்ந்துபோயின. குடும்பங்கள் ஊரைவிட்டுப் போயின. அமெரிக்கக் கொடிகளின் வேர் இந்தப் பூச்சியைத் தாங்கும் என்று தெரிந்த பிறகு, அந்த வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுக்கட்டி மீண்டும் நட்டார்கள். இன்றும் அப்படித்தான். ஆனால் எல்லாப் படிகளையும் மீட்க ஆள் இல்லை. அப்படி விடப்பட்டவற்றை மொர்த்தோரியு என்கிறார்கள். ஆலிவும் புதரும் மண்டிக் கிடக்கும். பாரம்பரியக் காட்சியின் ஒரு பகுதியாக அவற்றையும் அப்படியே பாதுகாக்கிறார்கள்.

அதே ஆறு ஸ்பெயின்லயும் ஓடுது. அங்க ஏன் போர்ட் இல்லை?

போர்ட் என்ற பெயர் 1756 முதல் வகுத்துவந்த எல்லைக்குள் விளைந்த ஒயினுக்கு மட்டுமே சொந்தம், அது ஒரு காரணம். நிலமும் வேறு. ஸ்பெயினில் ஆறு 700 முதல் 900 மீட்டர் உயரமுள்ள சமவெளியில் ஓடுகிறது. இரவில் குளிர் இறங்கும், வசந்தத்தில் உறைபனி கொடியைக் கருக்கும். அங்கே ரிபெரா டெல் டுவேரோ, ருவேதா, தோரோ என்று புகழ்பெற்ற பகுதிகள் உண்டு, பெரும்பாலும் சாராயம் சேர்க்காத ஒயின். அங்கே தெம்ப்ரனீயோ எனப்படும் கொடிதான் டோருவில் திந்தா ரோரிஷ்.

சாராயம் சேர்க்காத நல்ல சிவப்பு ஒயின் டோருவிலும் உண்டு. 1952இல் ஃபெர்னாண்டு நிக்கொலாவ் த அல்மெய்தா முதன்முதலாக உருவாக்கிய பார்க்கா வெல்யாவிலிருந்து அந்தக் கதை தொடங்குகிறது. மின்சாரம் இல்லாத தோட்டத்தில் சாற்றைக் குளிரவைக்க, கடற்கரை ஊரிலிருந்து லாரியில் பனிக்கட்டி வரவழைத்தார்கள்.

மேல ஸ்பெயின், கீழ போர்ச்சுகல். தண்ணீர்ச் சண்டை வராதா?

எல்லைப் பகுதியில் யார் எங்கே மின்சாரம் எடுப்பது என்பதை 1927 ஒப்பந்தத்திலேயே பிரித்துக்கொண்டார்கள். 1998இல் அல்புஃபெய்ரா ஒப்பந்தம் ஸ்பெயின் விடவேண்டிய குறைந்தபட்ச நீரின் அளவை வகுத்தது. இருந்தும் 2022 வறட்சியில் தண்ணீர் திறப்பதை ஸ்பானிய விவசாயிகள் எதிர்த்தார்கள். காகிதத்தில் தீர்ந்த விஷயம். வறண்ட ஆண்டுகளில் திரும்ப எழும்.

உலகப் புகழ் ஒயின், அப்போ விவசாயிங்க எல்லாம் பணக்காரங்களா?

இல்லை, இதைச் சொல்லாமல் டோருவைப் பற்றிப் பேசுவது தவறு. சுமார் 43,000 ஹெக்டேர் திராட்சை, இருபதாயிரத்தை ஒட்டிய விவசாயிகள். ஆளுக்குச் சராசரி இரண்டு ஹெக்டேர்தான். ஒவ்வொரு நிலத்துக்கும் உயரம், சரிவு, மண், கொடியின் வயது என்று பார்த்து மதிப்பெண் உண்டு. ஆண்டுதோறும் எவ்வளவு சாற்றைப் போர்ட்டாக மாற்றலாம் என்று அரசு அமைப்பு அறிவித்து, மதிப்பெண்ணுக்கு ஏற்பப் பங்கிடுகிறது. அந்தப் பங்குக்குள் வரும் திராட்சைக்கு நல்ல விலை. வெளியே நிற்பது பல நேரம் கூலிக்கே கட்டாத விலைக்குப் போகிறது. இயந்திரம் ஏறாத சரிவில் கூலி எவ்வளவு ஆகும் என்பதைப் படிக்கட்டுகள் பற்றிய பதிலிலிருந்தே ஊகிக்கலாம்.

உலகில் போர்ட் குடிப்பது குறைந்துவருகிறது. அனுமதிக்கப்பட்ட அளவு 2023இல் 1,04,000 பீப்பாய், 2024இல் 90,000, 2025இல் 75,000. பழத்தை வாங்க ஆளில்லை என்று விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். போர்ட்டில் ஊற்றும் சாராயம் பெரும்பாலும் வெளியிலிருந்து வாங்கப்படுகிறது. அதை எங்கள் திராட்சையிலேயே காய்ச்சுங்கள் என்பது அவர்களது கோரிக்கை. எனக்கு அது முழுக்க நியாயமாகவே படுகிறது.

நாங்க குடிக்க மாட்டோம். அப்பவும் போகலாமா? எப்போ போறது?

கட்டாயம் போகலாம். செப்டம்பரிலும் அக்டோபர் தொடக்கத்திலும் அறுவடை. அக்டோபர் பிற்பகுதியில் இலைகள் சிவந்திருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் கிழக்குப் பகுதியில் பாதாம் மரங்கள் பூக்கும். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். ஏன் என்று வெயில் பற்றிய பதிலில் இருக்கிறது.

போர்ட்டோவிலிருந்து பொசின்யு வரை ரயிலில் போங்கள். முதல் ஒரு மணி நேரம் சாதாரணம். அப்புறம் தண்டவாளம் ஆற்றை ஒட்டியே போகும். போகும்போது வலதுபக்க ஜன்னல். ஃபெர்ராதோசா பாலத்தில் ரயில் ஆற்றைத் தாண்டிய பிறகு இடதுபக்கம். பின்யாவ் நிலையத்தில் இறங்கினால் சுவரில் பதித்த நீல ஓடுகளில் அறுவடைக் காட்சிகள்: பெண்கள் கொய்வது, ஆண்கள் ஐம்பது கிலோவுக்கும் மேலான கூடையை முதுகில் சுமப்பது. ரெகுவாவில் டோரு அருங்காட்சியகம் இருக்கிறது. பொசின்யுவிலிருந்து பக்கத்தில்தான் கோவா பள்ளத்தாக்கு. பழைய கற்கால மனிதர்கள் திறந்தவெளிப் பாறைகளில் செதுக்கிய குதிரைகளும் காட்டுமாடுகளும் அங்கே உள்ளன. அவற்றை மூழ்கடிக்கவிருந்த அணையை மக்கள் எதிர்ப்புக்குப் பின் 1990களின் நடுவில் அரசு கைவிட்டது. 1998இல் அந்த இடமும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. செதுக்கல்களைப் பார்க்க வழிகாட்டியோடுதான் விடுவார்கள், அதனால் முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.